வலி மருந்து இல்லாத பிரசவம்: எந்த இடம், யார் துணை, எந்தப் பயிற்சி?

எபிடூரல் (முதுகில் போடும் வலி மறக்கும் ஊசி) வேண்டாம், உடம்பு தாங்குகிற வரைக்கும் மருந்தில்லாமலே பெற்றுக்கொள்கிறேன் என்று தீர்மானித்தவர்கள் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் வகுப்பைத்தான். லாமாஸா, ஹிப்னோபர்த்திங்கா, கர்ப்பகால யோகாவா, ஆன்லைனா நேரிலா, எது நல்லது? கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது, வகுப்பைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான். முதலில் எந்த ஆஸ்பத்திரி, அப்புறம் லேபர் வார்டுக்குள் பக்கத்தில் யார், அதற்கும் அப்புறம்தான் எந்த மூச்சுப் பயிற்சி. மாதக்கணக்கில் மூச்சு பழகிவிட்டு, உள்ளே போனதும் மல்லாக்கப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றி "அசையாம படும்மா" என்று சொல்கிற இடத்தில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பயிற்சி அரை மணி நேரம்கூடத் தாங்காது.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "உங்களுக்கு நார்மல் டெலிவரிதான் ஆகும்" என்று டாக்டர் சொன்னால், வயிற்றைக் கிழிக்காமல் குழந்தை பிறக்கும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எனிமா, சவரம், வலி வரவைக்கும் டிரிப்ஸ், கருப்பை வாய் சீக்கிரம் திறக்க எபிடோசின், டிரோட்டின் என்று வரிசையாக ஊசி, கடைசியில் பிறப்புறுப்பின் வாயைக் கத்தரித்துத் தையல், இவை எல்லாம் நடந்த பிறகும் அது நார்மல் டெலிவரிதான். இதில் பலவற்றை வழக்கமாக எல்லோருக்கும் செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2018-ல் வெளியிட்ட பிரசவகால வழிகாட்டியிலேயே இருக்கிறது. எனிமா, சவரம், எல்லோருக்கும் தையல் வெட்டு, மேல்வயிற்றை அமுக்கித் தள்ளுவது, எதுவும் வேண்டாம் என்கிறது. நடக்கவிடு, விரும்பிய நிலையில் இருக்கவிடு, தண்ணீரும் உணவும் கொடு, கூடவே ஒரு ஆளை வைத்துக்கொள்ளவிடு என்கிறது. எத்தனை லேபர் வார்டில் இது நடக்கிறது என்பது வேறு கதை.

சரி, இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. சிக்கலான கேஸ்கள் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் அனுப்பப்படுகின்றன என்பதை நினைத்தால், இந்த இடைவெளிக்கு நோயாளிகளின் உடல்நிலை மட்டும் காரணமில்லை என்று புரியும். ஆகவே மருந்தில்லாப் பிரசவம் வேண்டும் என்பவருக்கு அரசு மருத்துவமனை இளப்பமான இரண்டாம் தேர்வு இல்லை. எபிடூரல் அங்கே பெரும்பாலும் கிடைக்காது என்பதால், மருந்தில்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் பெறுவதைப் பார்த்துப் பழகிய சிஸ்டர்கள் இருக்கிறார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு, குறிப்பாக இரண்டாவது பிரசவத்துக்கு, பக்கத்திலிருக்கும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம்கூட நல்ல இடம்தான். ஆனால் அங்கே ஆபரேஷன் தியேட்டர் இருக்காது, கருப்பை வாய் திறப்பது நின்றுவிட்டால் 108-ல் ஏற வேண்டும், வலியோடு ஆம்புலன்ஸ் பயணம் என்பது சாதாரண விஷயமில்லை. பெரிய அரசு மருத்துவமனையில் அந்தக் கவலை இல்லை, அதற்குப் பதில் கூட்டம், பக்கத்துக் கட்டிலில் அலறல், திரைச்சீலை இருந்தால் அதிர்ஷ்டம், கொஞ்சம் அதட்டலும் கேட்க வேண்டிவரும். சத்தத்தில் மனம் சுருங்கிப்போகிற ஆள் நீங்கள் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தனியாரில் அறை, மரியாதை, கணவரை உள்ளே விடுவது, வெந்நீர் ஷவர், பிரசவப் பந்து எல்லாம் கிடைக்கலாம். தொல்லை என்னவென்றால் பொறுமை கிடைப்பது அபூர்வம். தேதி தாண்டிய மறுநாளே "அட்மிட் ஆயிடுங்க, வலி வரவெச்சுடலாம்" என்பார்கள். காரணமில்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஆரோக்கியமான தலைப்பிரசவக்காரர்களுக்கு 39-வது வாரத்தில் வலி தூண்டியபோது சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. ஆக, தூண்டினாலே கத்திதான் என்று வாட்ஸ்அப்பில் வருவது அப்படியே உண்மையில்லை. ஆனால் அந்த ஆய்வில் வலி தூண்டிய பிறகு நிறைய நேரம் பொறுத்திருந்தார்கள், எபிடூரலும் கேட்டால் கிடைக்கும். காலையில் டிரிப்ஸ் போட்டு சாயங்காலம் "முன்னேற்றம் இல்லை" என்று தியேட்டருக்குத் தள்ளும் இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

டிரிப்ஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மருந்தில்லாமல் தாங்குவேன் என்று சொன்ன பலர் உடைந்துபோவது அங்கேதான். எனக்கு முதல் பிரசவம் ஆக்ஸிடோசின் டிரிப்ஸோடு, இரண்டாவது அது இல்லாமல். தானாக வருகிற வலி மெதுவாக ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிவிடும், அடுத்தது வரும்வரை உடம்பு முழுக்க ஒரு விடுதலை, அந்த இடைவெளியில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கூடப் போனேன். டிரிப்ஸில் அந்த ஏற்றமே இல்லை, நேராக உச்சியில் தொடங்கியது போலிருந்தது, சொட்டின் வேகத்தைக் கூட்டக் கூட்ட இடைவெளி சுருங்கியது. கையில் ஊசி, வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சி.டி.ஜி. பெல்ட், எழுந்து நடக்க வழியில்லை. டிரிப்ஸ் தேவைப்பட்டால் வேண்டாம் என்று மறுக்கச் சொல்லவில்லை. டிரிப்ஸும் வேண்டும், வலி மருந்தும் இல்லை என்று வந்தால் அது வேறு அளவுக் கஷ்டம், அப்போது எபிடூரல் கேட்பதில் ஒரு குறையும் இல்லை என்கிறேன்.

பயிற்சி பெற்ற மிட்வைஃப்களே (பிரசவம் பார்ப்பதற்கென்றே படித்த செவிலியர்கள்) பிரசவம் பார்க்கும் இடங்கள் இந்தக் கணக்கில் எல்லாவற்றையும்விட மேல், ஆனால் நம் பக்கம் அரிது. ஹைதராபாத்தில் பெர்னாண்டஸ் மருத்துவமனை 2011 முதல் மிட்வைஃப்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. செவிலியர்களை மிட்வைஃப்களாகப் பயிற்றுவிக்க மத்திய அரசும் 2018-ல் வழிகாட்டி வெளியிட்டது. மருத்துவமனைக்குள்ளேயோ அதை ஒட்டியோ இப்படி ஒரு பிரிவு எட்டும் தூரத்தில் இருந்தால், மிச்சக் கட்டுரையைப் படிக்காமல்கூட அங்கே போய்ப் பதிவு செய்யலாம்.

வீட்டிலேயே பெறுவதா? தமிழ்நாட்டு நிலைமையில் எனக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது, வேண்டாம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப் போய் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். "வெள்ளைக்காரர்கள் வீட்டில் பெறுகிறார்களே" என்பவர்களுக்கு: இங்கிலாந்தில் பதிவுபெற்ற மிட்வைஃப், போன் செய்தால் வருகிற ஆம்புலன்ஸ், தயாராகக் காத்திருக்கும் மருத்துவமனை எல்லாம் இருந்தும், 2011-ல் வெளியான பெரிய ஆய்வில் தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் நடுவிலோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3, மருத்துவர் பிரிவில் 5.3. அதே ஆய்வில் மிட்வைஃப் பிரிவுகளில் குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை, தலையீடுகள் குறைந்தன. அந்த ஏற்பாடு எதுவுமே இல்லாத இடத்தில் கணவரும் செல்போனுமாகச் செய்வது இயற்கைப் பிரசவம் இல்லை, சூதாட்டம்.

அடுத்தது, பக்கத்தில் யார். இதைத்தான் பலரும் சும்மா விட்டுவிடுகிறார்கள், ஆனால் மருந்தில்லாப் பிரசவத்துக்கு இதைவிட உறுதியான ஆதாரம் உள்ள வழி வேறு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பு, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒரே ஆள் விடாமல் கூட இருந்தால் தானாகப் பிறப்பது கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி மருந்து கேட்பது குறைகிறது, நேரமும் கொஞ்சம் குறைகிறது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

யாரை அழைப்பது? அம்மா, கணவர், தூலா (பிரசவத்தில் துணையிருக்கப் பயிற்சி பெற்றவர்) என்று மூன்று தேர்வு. அரசு மருத்துவமனைகளில் கூட இருக்க ஒரு பெண்ணைத்தான் பெரும்பாலும் விடுவார்கள், அதிலும் பிள்ளை பெற்ற அனுபவமுள்ளவர் என்றால் நல்லது என்பது மத்திய அரசின் வழிகாட்டி. தனி அறை, மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் கணவரை அனுமதிக்கலாம். உங்கள் அம்மா வலியைப் பார்த்து "ஐயோ என் பொண்ணு" என்று உங்களுக்கு முன்னால் அழுகிற ரகம் என்றால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் வெளியே உட்காரவையுங்கள். சித்தியோ அக்காவோ அண்ணியோ, கை நடுங்காதவர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள். மாமியாரே நல்ல ஆளாக அமைந்தவர்களும் உண்டு, அதில் மனத்தாங்கல் பார்க்க வேண்டாம். கணவர்மார்களைப் பற்றி ஒன்று: எட்டாம் மாதத்திலிருந்து செக்கப்புக்கும் வகுப்புக்கும் கூட வந்தவர் லேபர் வார்டில் உதவுவார், வராதவர் சிஸ்டரிடம் "எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தூலா என்பது சென்னை, கோவை மாதிரி ஊர்களில் காசு கொடுத்தால் கிடைக்கிற சேவை. அனுபவமுள்ளவர் என்றால் அருமை, ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஆஸ்பத்திரி அவரை உள்ளே விடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பலர் பணம் கட்டிய பிறகுதான் விடமாட்டார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

கூட இருப்பவர் செய்ய வேண்டியது பெரிய வித்தை எதுவுமில்லை. எனக்கு இரண்டாவதில் பெரியம்மா இருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நிற்பேன், வலி ஏறும்போது அவர் இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே உள்ள அந்தத் தட்டையான இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து முழு பலத்தோடு அழுத்துவார். தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும், வலி இறங்கும்போதுதான் கையை எடுக்க வேண்டும். குழந்தையின் முதுகு அம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தால் இடுப்பு உடைவது போல் வலிக்குமே, அதற்கு இதைவிடக் கைகண்ட வழி நான் பார்த்ததில்லை. வெந்நீர்ப் பை, துணியில் நனைத்த ஒத்தடம், வாய்க்கு மோர் ஒரு மடக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு எழுப்பி நடத்திப் போவது, இவ்வளவுதான். மூத்திரப் பை நிரம்பியிருந்தால் வலியும் கூடும், தலை இறங்குவதும் தடைப்படும்.

இப்போது வகுப்புகள். லாமாஸ் என்பது பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னான் லாமாஸ் 1951-ல் சோவியத் யூனியனில் பார்த்துவிட்டு வந்து பாரிஸில் தொடங்கியது. படங்களில் வருகிற அந்த "ஹீ ஹீ ஹூ" மூச்சு அதன் பழைய வடிவம், இன்றைய லாமாஸ் வகுப்புகள் அதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. நல்லதுதான், வேகமாக மூச்சு விட்டால் உதடும் விரல் நுனியும் மரத்துத் தலை சுற்றும். இன்றைக்கு அதன் பலம், பிரசவம் எப்படி நகரும், என்ன கேட்கலாம், எப்படி அசையலாம் என்று சொல்லிக் கொடுப்பதில் இருக்கிறது. பிராட்லி முறை அமெரிக்காவில் கணவரைப் பயிற்சியாளராக்கியது, மருந்து வேண்டாம் என்பதில் கறார், நம் ஊரில் அதிகம் கிடைக்காது. சுய ஹிப்னாஸிஸால் மனதையும் உடம்பையும் தளர்த்தப் பழக்கும் ஹிப்னோபர்த்திங் பயத்தைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும், ஆனால் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் எபிடூரல் கேட்டவர்களின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. "எங்கள் முறையில் வலியே தெரியாது" என்று விற்பவரிடமிருந்து விலகி இருங்கள். பயம் அதிகம், இரவில் தூக்கமில்லை என்பவர்களுக்கு ஹிப்னோபர்த்திங், விவரம் தெரியாமல் தவிப்பவர்களுக்கு லாமாஸ், காசு செலவழிக்க மனமில்லை என்றால் யோகா. அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கும் இடங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் யோகாவும் நிதானமாக நீட்டி வெளிவிடும் மூச்சும் போதும் என்பேன்.

பாட்டி வைத்தியத்தில் எதை வைத்துக்கொள்வது? உட்கார்ந்து வீடு துடை, குனிந்து பெருக்கு, நட, இதெல்லாம் சரி, குத்த வைத்து உட்காரத் தொடைக்குப் பலம் வரும். சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பதும் நல்ல வழக்கம். கஷாயமே சோதனை செய்கிறது என்பதில்லை, குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கும்போது நிஜ வலி நெருங்கிக்கொண்டே வரும், பொய் வலி அடங்கும். இதனால் சீக்கிரமே ஓடிப்போய் அட்மிட் ஆகாமல் இருப்போம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறப்பதற்கு முன்னால் வரும் கட்டம் நாள் முழுக்கக்கூட நீளலாம், சிக்கல் இல்லாதவர்கள் அதை வீட்டில் கழிப்பதுதான் நல்லது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராமல் உடனே கிளம்ப வேண்டும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போய் லேபருக்குள் போவீர்கள். பேரீச்சம்பழத்துக்குச் சிறிய ஆய்வுகளில் சாதகமான முடிவு உண்டு, சர்க்கரை இருந்தால் அதையும் விடுங்கள். 35-வது வாரம் முதல் பெரினியம் (பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதி) மசாஜ் செய்தால் தலைப்பிரசவத்தில் தையல் தேவைப்படுவது கொஞ்சம் குறைகிறது. கூச்சத்தால் யாரும் சொல்லித் தருவதில்லை, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

உள்ளே போன பிறகு நடப்பது, நிற்பது, நான்கு காலில் இருப்பது, பந்தில் ஆடுவது எல்லாம் ஒரே வகைதான். முதல் கட்டத்தில் நிமிர்ந்து இருப்பவர்களுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெந்நீர் ஷவரை முதுகில் விடுவது கிடைத்தால் விடாதீர்கள். டென்ஸ் என்கிற மின்னதிர்வு இயந்திரத்துக்குக் காசு போட வேண்டாம். சிரிக்க வைக்கும் வாயு என்கிற என்டோனாக்ஸ் சில தனியார் மருத்துவமனைகளில் உண்டு. வலி தொடங்கும்போதே இழுக்க வேண்டும், உச்சியில் இழுத்தால் தாமதம், நிறுத்தினால் சில நிமிடத்தில் விளைவு போய்விடும். எபிடூரலுக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்பவர்களுக்கு இது பொருத்தம். டிராமடால் ஊசி மயக்கமும் வாந்தியும் கொடுக்கும் அளவுக்கு வலியைக் குறைப்பதில்லை, என்னைக் கேட்டால் அதைவிட நேராக எபிடூரலே மேல்.

எபிடூரலைப் பூதமாகக் காட்டி மருந்தில்லாப் பிரசவத்தை விற்பவர்கள் நிறைய. 40 ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் முடிவில், எபிடூரலால் சிசேரியன் கூடவில்லை, நீண்டகால முதுகுவலியும் கூடவில்லை. "முதுகுல ஊசி போட்டதுல இருந்து இன்னும் வலிக்குது" என்று சொல்பவர்களில் பலர் சிசேரியனுக்குப் போட்ட வேறு ஊசியைத்தான் சொல்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கிக் குனிந்து பால் கொடுத்த வலி. உண்மையான குறைகள் வேறு: ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், மூத்திரத்துக்குக் குழாய் போட வேண்டிவரும், முக்கும் கட்டம் நீளும், எழுந்து நடப்பது பெரும்பாலும் முடியாது, சுமார் நூறில் ஒருவருக்குக் கடும் தலைவலி. இதையெல்லாம் தெரிந்து வேண்டாம் என்பது ஒரு முடிவு, பயந்து வேண்டாம் என்பது வேறு. சில இதய நோய்களிலும் கடும் ரத்த அழுத்தத்திலும் டாக்டரே எபிடூரல் போடச் சொல்வார், அங்கே வீம்பு பிடிக்கக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே இருப்பது, குழந்தை குறுக்கே இருப்பது போன்றவற்றில் இந்த ஒப்பீடே பொருந்தாது.

மருந்தில்லாமல் என்று சொல்லிக்கொண்டு சிலர் எல்லாவற்றையும் மறுக்கிறார்கள், அது தப்பு. குழந்தை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் வலி மருந்து இல்லை, ரத்தப்போக்கைத் தடுப்பது, அதை வேண்டாம் என்று சொல்லவே கூடாது. தையல் போடும்போது மரத்துப்போகும் ஊசியையும் குழந்தைக்கான வைட்டமின் கே ஊசியையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் பொறுத்தவர் தையலுக்கும் பல்லைக் கடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆஸ்பத்திரியை முடிவு செய்ய 34-வது வாரத்துக்குள் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், மாற வேண்டுமென்றால் அப்போதுதான் நேரம் இருக்கும். டாக்டரிடம் மட்டும் கேட்காமல் லேபர் வார்டு சிஸ்டரிடமும் கேளுங்கள், நிஜம் அங்கேதான் வரும். வலியோடு நடக்க விடுவீர்களா, குழந்தையின் இதயத்துடிப்பை விட்டு விட்டுப் பார்ப்பீர்களா அல்லது பெல்ட்டைக் கட்டியே வைப்பீர்களா, எல்லோருக்கும் டிரிப்ஸ் உண்டா, மல்லாக்கப் படுக்காமல் வேறு நிலையில் முக்கலாமா, தலைப்பிரசவம் என்றாலே வெட்டுவீர்களா, கூட வருபவர் கடைசிவரை இருக்கலாமா. அப்புறம், எபிடூரல் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் கேட்க வேண்டியது: இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா. "கூப்பிட்டா வந்துடுவாரும்மா" என்று பதில் வந்தால், எத்தனை நிமிடத்தில் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.